தாழ்ப்பாள் இல்லாத கதவும் நாற்பது வரை எண்ணும் மேடமும்

அவள் வெளிநாட்டில் படித்தது பதினோரு மாதம். அதைப் பற்றிப் பேசியது ஆறு வருஷம், இன்னும் முடித்தபாடில்லை.

என்ன பெரிய படிப்பு என்றால், கஷ்டப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கி, எழுதி மேலே அனுப்பி, முடிந்தால் ஒரு வழி பண்ணிக் கொடுக்கிற படிப்பு. சமூகப்பணி என்று அதற்குப் பெயர். விமானம் ஏறுவதற்கு முன்னால் அவளும் எல்லாரையும் போலத்தான் அந்த வேலையைப் பார்த்தாள். படியேறும்போதே "என்னம்மா, காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டு நுழைவாள். கொடுத்த தண்ணீரைக் குடிப்பாள். பேச்சுவாக்கில் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துகொண்டு எழுந்து வருவாள்.

இறங்கி வந்தவள் வேறு ஆள். கழுத்தில் ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துண்டு. வியர்த்துக் கொட்டுகிற வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டாள். போகிற வீட்டில் நாற்காலியை நேருக்கு நேர் போடக் கூடாதாம். நேராக உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்குமாம். அதனால் கொஞ்சம் சாய்த்துக் கோணலாகப் போட வேண்டுமாம். கட்டிலும் பெட்டியும் பாத்திரமும் அடைத்துக்கொண்டிருக்கிற பத்தடி அறையில் இவள் நாற்காலியை இழுத்து இழுத்துக் கோணம் பார்ப்பாள். வீட்டுக்காரர்கள் நாற்காலிக் கால்தான் ஆடுகிறதோ என்று அட்டையை மடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாள். வேலைக்கும் ஒட்டுறவுக்கும் நடுவில் அது எல்லைக்கோடாம். தோளில் சொந்தப் பாட்டில் தொங்கும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், அந்த மௌனத்தைத்தான் பொறுக்க முடியாது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். எதிரே இருப்பவர் ஏதாவது சொன்னால் "ம்ம்" என்று ஒரு முனகல். அப்புறம் மறுபடியும் மௌனம். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பது வரை எண்ணுவாள். நாற்பதுக்குள் மனுஷனுடைய அடிமனசில் கிடப்பது தானாக மிதந்து மேலே வந்துவிடும் என்பது அவள் படித்துவிட்டு வந்த சங்கதி. அவள் கால் வைத்த தெருவிலெல்லாம் அவளுக்கு "ம்ம் மேடம்" என்று பெயர் விழுந்தது. அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள்.

இந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அங்கே அவளுக்கு மேற்பார்வையாக இருந்த நரைமுடி அம்மாள். அந்தக் கதையைக் கேட்காத காது ஆபீசில் கிடையாது.

"கூட்டத்துல நீ ஏன் பேசவே மாட்டேங்கறேன்னு கேட்டாங்க. கேட்டுட்டு அப்படியே இருந்துட்டாங்க. நாலு நிமிஷம்! கடிகாரச் சத்தம் மட்டும்தான். அப்புறம் எனக்குள்ள என்னமோ உடைஞ்சுது. பெரியவங்க முன்னாடி வாயைத் திறக்கக் கூடாதுன்னு வளந்தவ நான்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அழுதுட்டேன்."

புதிதாகச் சேர்ந்த பெண்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆபீஸ் ஜீப்பை ஓட்டுகிற டிரைவர் அண்ணன் மட்டும், "பெரியவங்க முன்னாடி வாயைத் திறக்காம... நீங்க?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் இஸ்திரிக்காரம்மாவின் காகிதம் அவள் மேஜைக்கு வந்தது.

சிக்கலே இல்லாத காகிதம். இஸ்திரிக்காரம்மாவுக்குப் புருஷன் இல்லை, ஒன்பது வயசில் ஒரே மகள். விஷக்காய்ச்சல் வந்து தாய்க்காரி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அக்கம்பக்கத்தார் பிள்ளையைப் பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். இப்போது இவள் எழுந்து நடமாடி, பழையபடி இஸ்திரி போடுகிறாள். பிள்ளையைக் கேட்டால் இல்லத்தில் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட வேண்டும். குழு உத்தரவு போட, சமூகப்பணியாளர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். பழைய ஆளாக இருந்தால் அரை நாள் வேலை. நம் மேடம் மூன்று தடவை போனாள்.

முதல் தடவை. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. நடுவில் இஸ்திரி மேஜை, சுற்றிலும் ஊரார் துணி மூட்டை, உட்கார ஒரே ஒரு முக்காலி. இஸ்திரிக்காரம்மா முக்காலியைத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டாள். இவள் அதைக் கோணம் பார்த்து இழுத்துப் போட்டு உட்கார்ந்த இடம் சரியாக இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கம். கம்பளித் துண்டின் நுனி போய்ப் பெட்டிமேல் விழுந்து புகைந்தது.

"ஐயையோ மேடம்! நல்ல துண்டாச்சே!" என்று இஸ்திரிக்காரம்மா அதைப் பிடுங்கித் தண்ணீர் தெளித்து அணைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். மேடம் "வேண்டாம்" என்று கை காட்டிவிட்டாள்.

"உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் நடுவுல எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம். நான்னா அவளுக்கு உசிரு."

"ம்ம்."

ஒன்று, இரண்டு, மூன்று. இஸ்திரிக்காரம்மா துண்டைப் பார்த்தாள். துண்டு கருகின கோபம் போலிருக்கிறது. பத்து, இருபது. மேடம் இமை கொட்டவில்லை. முப்பத்தொன்றில் இஸ்திரிக்காரம்மாவால் தாங்க முடியவில்லை.

"எப்பவாவது... சத்தம் போடுவேன் மேடம்."

மேடத்தின் முகம் விளக்கேற்றினது போல ஆகிவிட்டது. தலையை ஆட்டினாள். எழுதினாள்.

இஸ்திரிக்காரம்மா விவரமானவள். வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்த்தே எந்தச் சட்டைக்குக் கஞ்சி கேட்பார், எதற்குக் கேட்க மாட்டார் என்று சொல்லிவிடுவாள். நல்லது சொன்னால் இந்த மேடத்துக்கு முகம் மாறவில்லை, கெட்டது சொன்னால் மலர்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டாள். பிள்ளை வீடு திரும்புவது இந்த முகத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது தடவை இருபத்தைந்திலேயே வந்துவிட்டது: "ரெண்டு மூணு தடவை அடிச்சிருக்கேன் மேடம்."

மூன்றாவது தடவை பதினைந்து எண்ணுவதற்குள்: "ஒரு நாள் உள்ள வச்சுப் பூட்டிட்டு துணி குடுக்கப் போயிட்டேன். சாயங்காலம்தான் வந்தேன்."

மேடத்துக்குக் கண்ணில் நீர் துளித்துவிட்டது. நரைமுடி அம்மாள் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. இஸ்திரிக்காரம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறியவள் வழியெல்லாம் அதையே சொன்னாள்.

"பாத்தீங்களா அண்ணே? மூணே சந்திப்பு. மனசுக்குள்ள பூட்டி வச்சிருந்ததெல்லாம் வந்துடுச்சு."

டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "நாலாவது தடவை போயிடாதீங்க மேடம். கொலையையும் ஒத்துக்கும்."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது அண்ணே."

"ஆமா மேடம். நான் உள்ளூர்லதானே டிரைவிங் படிச்சேன்."

அறிக்கை எட்டுப் பக்கம். அதில் பூட்டின விஷயம் மட்டும் நாலு பக்கம். முடிவில், பிள்ளை இன்னும் ஆறு மாதம் இல்லத்திலேயே இருக்கலாம், தாய் வாரம் ஒரு முறை வந்து தன் கோபத்தைப் புரிந்துகொள்ள உட்காரலாம் என்று எழுதிக் குழுவுக்குக் கொடுத்துவிட்டாள். பேரையெல்லாம் நீக்கி நரைமுடி அம்மாளுக்கும் ஒரு பிரதி போனது. பிரமாதம், எங்கள் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவள் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினாள். குழு கூடுவது புதன்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது.

பத்து நாளைக்கு முன்னால் அவர்கள் வீட்டு பிளாஸ்க் உடைந்திருந்தது. "யார் உடைச்சது?" என்று கேட்டுவிட்டு, சமையலறை வாசலை மறித்துக்கொண்டு, புருஷனையும் மாமியாரையும் பார்த்து அவள் மௌனமாக நின்றாள். புருஷன் பன்னிரண்டிலேயே "நான்தான்" என்றான். வீட்டிலும் பலிக்கிறது என்று அன்றைக்கு ஆபீசில் பெருமை அடித்துக்கொண்டாள். இப்போது மாமியார் புது பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டே தன்பாட்டில் சொன்னாள்:

"இதையாவது நான் போட்டு உடைக்காம இருக்கணும்."

அவள் திரும்பினாள். "என்ன அத்தை சொன்னீங்க? அது இவர் உடைச்சதாச்சே?"

மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷன் செய்தித்தாளுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இறங்கினான்.

"என்னங்க, நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?"

"நீ கேட்டுட்டு அப்படியே நின்ன. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. யாராவது ஒருத்தர் ஒத்துக்கிட்டாத்தானே நீ வழியை விடுவ?"

"அப்ப எங்கிட்ட பொய் சொன்னீங்களா?"

"பொய் எங்க சொன்னேன்? முடிச்சு வச்சேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. மாமியாருக்குப் பாவமாகிவிட்டது.

"என்னடி, கன்னத்துல கை வச்சுட்ட? பல்லு வலியா?"

இல்லை அத்தை என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. ஆறு வருஷமாக மறந்துபோயிருந்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது.

பல் வலிதான். அந்த ஊரில், அந்த மாதத்தில், கடைவாய்ப் பல் அவளைப் பிடுங்கித் தின்றது. பல் டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்தால் குளிர்காற்று பல்லில் ஊசி போலக் குத்தும். அதனால்தான் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. நரைமுடி அம்மாள் ஏன் என்று கேட்டபோது முதலில் நாக்கு நுனிக்கு வந்ததும் பல்தான். ஆனால் அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பெரிய மௌனத்துக்குப் பல் வலி போதாது என்று இவளுக்குத் தோன்றியது. அதனால் பெரிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தன் வளர்ப்பைக் கொடுத்தாள், தன் வீட்டுப் பெரியவர்களைக் கொடுத்தாள். உண்மையில் அவளுடைய அப்பா, மகளின் ஓயாத பேச்சுக்குப் பயந்தே நாலு தெரு தள்ளிக் கடை வைத்தவர். அழுததும் பல்லால்தான். நரைமுடி அம்மாளின் முகம் விளக்கேற்றினது போல ஆனது. அந்தப் பாடத்தில் அவளுக்கு முதல் மதிப்பெண்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாப்பிடக்கூட இல்லை.

ஜீப் இஸ்திரி அறை வாசலில் நின்றபோது இஸ்திரிக்காரம்மா இல்லை; வீடு வீடாகத் துணி கொடுக்கப் போயிருந்தாள். கதவு மட்டும் சாத்தியிருந்தது. அவள் விரலால் தள்ளினாள், திறந்துகொண்டது. உள்பக்கம் பார்த்தாள். தாழ்ப்பாள் இல்லை. வெளிப்பக்கம் பார்த்தாள். கொண்டியும் இல்லை, பூட்டு மாட்ட வளையமும் இல்லை. மூன்று பலகையை ஒட்டி அடித்த கதவு. நிலையில் ஓர் ஆணி, கதவில் ஓர் ஓட்டை, இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு துணிக்கயிறு. ஒன்பது வயசுப் பிள்ளை எதற்கு, ஒரு பூனை நினைத்தால் வெளியே வந்துவிடும்.

டிரைவர் அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"மூணு தடவை இதுக்கு எதிர்லதானே மேடம் உக்காந்தீங்க?"

"கோணலா உக்காந்திருந்தேன் அண்ணே. கதவு எனக்கு முதுகுப்பக்கம்."

அவர் அந்தத் துணிக்கயிற்றை ஆணியில் சுற்றிப் பார்த்தார். சொல்ல நிறைய இருந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

இஸ்திரிக்காரம்மா காலி மூட்டைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் நடை பின்னிக்கொண்டது.

"என்ன மேடம், இன்னைக்கும் வந்திருக்கீங்க?"

"பொண்ணைப் பூட்டி வச்சுட்டுப் போனேன்னு சொன்னீங்களே. எதை வச்சுப் பூட்டினீங்க?"

இஸ்திரிக்காரம்மா கதவைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட முகம். குரல் இறங்கிப்போனது.

"அது சரிப்படலையா மேடம்? வேற ஏதாவது சொல்லட்டுமா?"

மேடம் மறுபடியும் கதவைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் நின்றாள். இந்தத் தடவை எண்ணவில்லை. எண்ணாத மௌனத்துக்கும் எண்ணுகிற மௌனத்துக்கும் வித்தியாசம் இஸ்திரிக்காரம்மாவுக்கு எப்படித் தெரியும்? "சூடு வச்சேன்னு வேணா..." என்று ஆரம்பித்தாள். "வேண்டாம்! ஒண்ணும் சொல்லாதீங்க! வாயைத் திறக்காதீங்க!" என்று மேடம் கத்தினாள். ஆறு வருஷத்தில் அவள் வேலை நேரத்தில் கத்தினது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை குழு கூடியது. நீள மேஜைக்குப் பின்னால் தலைவியம்மாள், ஒரு டாக்டர், ஒரு வக்கீல். சுவரோரம் பெஞ்சில் இஸ்திரிக்காரம்மா. மகளுக்கு மடிப்புக் கலையாத கவுன் ஒன்றை இஸ்திரி போட்டு மடியில் வைத்திருந்தாள். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிற நம்பிக்கை.

தலைவியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "இந்தக் குழுவுல எட்டு வருஷமா இருக்கேன். இப்படி ஒரு அறிக்கையை நான் படிச்சதே இல்லை. வெளிநாட்டுப் படிப்புன்னா சும்மாவா?"

மேடம் எழுந்து நின்றாள். கருகின துண்டு கழுத்தில் இல்லை.

"அது தப்பும்மா."

"எது தப்பு?"

"அறிக்கை. நான் எழுதினது தப்பு."

மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்றது. அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தொண்டைக்குழிக்குள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தது. நான் அகம்பாவம் பிடித்தவள், நான் ஏழைகளைப் புரிந்துகொள்ளாதவள், நான் என்னையே தேடிக்கொண்டிருக்கிறவள். ஒன்றை விட ஒன்று பெரிது, ஒன்றை விட ஒன்று அழகு. தலைவியம்மாள் ஆவலோடு முன்னால் சாய்ந்தாள். கண்ணீர்கூடத் தயாராக இருந்தது.

அவள் எல்லாவற்றையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பூட்ட முடியாது. நான் பாக்கலை" என்றாள்.

"அவங்களே சொல்லி, கைநாட்டும் வச்சிருக்காங்களே?"

"சொல்ற வரைக்கும் நான் பேசாம உக்காந்திருந்தேன். அவங்கன்னா பொண்ணுக்கு உசிருன்னு முதல் நாளே சொன்னாங்க. அதை நான் எழுதவே இல்லை."

வக்கீல் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, செய்யாததை ஏன் செஞ்சேன்னு சொன்னீங்க? யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லைங்க ஐயா. மேடம் தங்கமானவங்க." இஸ்திரிக்காரம்மா எழுந்து கவுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வெயில்ல அவ்வளவு தூரம் வருவாங்க. தண்ணி குடுத்தா வேண்டாம்னுவாங்க. எதையோ எதிர்பாத்து உக்காந்தே இருப்பாங்க. என் பொண்ணுக்காக வந்த மனுஷியை வெறுங்கையோட எப்படி அனுப்பறது? எங்கிட்ட வேற என்ன இருக்கு? அதான் அப்பப்ப ஒண்ணு சொல்லி அனுப்பினேன்."

டாக்டர் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார். இருமல் மாதிரி இல்லை.

தலைவியம்மாள் இரண்டு உத்தரவு போட்டாள். பிள்ளையை அன்றைக்கே தாயிடம் ஒப்படைக்க வேண்டும். அது ஒன்று. பிள்ளையின் பாதுகாப்பைக் கருதி, ஏழு நாளைக்குள் அந்தக் கதவுக்கு உள்ளும் வெளியும் தாழ்ப்பாள் போட வேண்டும், அதைச் சமூகப்பணியாளர் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். அது இரண்டு. பூட்டினாள் என்று ஆறு மாதம் பிரித்து வைக்க இருந்த அதே மேஜை, பூட்ட வழியில்லை என்று இப்போது கவலைப்பட்டது. மேடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு தாளும் வந்தது.

அவள் நரைமுடி அம்மாளுக்கும் எழுதினாள். அறிக்கை தப்பு, பாடமாக வைக்க வேண்டாம், அன்றைக்கு நான் சொன்னதும் தப்பு, எனக்குப் பல் வலி, அவ்வளவுதான் என்று நாலே வரி. இரண்டாம் நாள் பதில் வந்தது. உன் சுயபரிசோதனையின் நேர்மை எங்களை நெகிழ வைத்துவிட்டது, இந்தக் கடிதத்தையும் பாடத்தோடு சேர்த்துவிட்டோம் என்று. அதை அவள் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

ஏழாம் நாள் தாழ்ப்பாள் பார்க்கப் போனாள். கதவை விடப் பளபளவென்று இரண்டு தாழ்ப்பாள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பிள்ளை அதைத் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. மேடம் முக்காலியை இருந்த இடத்திலேயே விட்டு, நேராக உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

இஸ்திரிக்காரம்மா அசந்துபோய் டம்ளரைக் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். மேடம் மடமடவென்று குடித்தாள். இஸ்திரிக்காரம்மா ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பெட்டியை ஓட்ட ஆரம்பித்தாள். காலரைத் தேய்த்தாள், தோளைத் தேய்த்தாள். பேச்சில்லை. முதுகைத் தேய்ப்பதற்குள் மேடத்தால் தாங்க முடியவில்லை.

"அங்க படிக்கும்போது எனக்குப் பயங்கர பல்லு வலிம்மா."

"அடப்பாவமே. யாருமே கேக்கலையா மேடம்?"

"கேட்டாங்க. கேட்டுட்டுப் பேசாம உக்காந்துட்டாங்க."

"ம்ம்" என்றாள் இஸ்திரிக்காரம்மா, சட்டைக் கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

அப்போது கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் சரக்கென்று விழுந்தது. பிள்ளையின் சிரிப்பு தெருவில் ஓடியது. இஸ்திரிக்காரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ மேடம், இதை எழுதிடாதீங்க! சும்மா விளையாட்டுக்கு..."

"எதை எழுதறது? பேனா ஜீப்புல இருக்கு." மேடம் எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். "அண்ணே! டிரைவர் அண்ணே! கதவைத் திறங்க!"

வெளியே செருப்புச் சத்தம் நிதானமாக வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

"இருங்க மேடம்," என்றது டிரைவர் அண்ணன் குரல், "நாப்பது எண்ணிட்டுத் திறக்கறேன்."